ஹைபிரிட் கார்: ஆற்றுச் சாலைக்கு ஒரு கணக்கு, நான்குவழிச் சாலைக்கு வேறு கணக்கு

நெல்லையில் புதுக் கார் வாசலில் வந்து நின்றால் பக்கத்து வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி, "எவ்வளவு கொடுக்கு, அண்ணாச்சி?" என்பதுதான். பெட்ரோல் கார் என்றால் ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். ஹைபிரிடுக்கு அது முடியாது. பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குப் போனால் ஒரு மைலேஜ், அதே வண்டியில் நாகர்கோவில் போனால் வேறு மைலேஜ், மணிமுத்தாற்றிலிருந்து மலையேறினால் இன்னொன்று. சாதாரண காரிலும் இந்த வித்தியாசம் உண்டு. அங்கே ஊருக்குள் குறையும், நெடுஞ்சாலையில் கூடும். ஹைபிரிடில் பெரும்பாலும் தலைகீழ். ஆகவே, கூடுதலாகச் சில லட்சங்கள் கொடுக்கப்போகிறவர் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன், தன் வண்டி மாதம் முழுக்க எந்தெந்தச் சாலையில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அந்தத் தாளை வைத்துத்தான் நடக்கப்போகிறது.

ஒரே பெயரில் இரண்டு வண்டிகள்

ஷோரூமில் 'ஹைபிரிட்' என்று காட்டப்படுவதெல்லாம் ஒன்றல்ல. 2022 செப்டம்பரில் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மைல்டு ஹைபிரிட், ஸ்ட்ராங் ஹைபிரிட் என இரண்டு உண்டு. மைல்டில் பெல்ட்டோடு இணைந்த சிறிய ஜெனரேட்டர் ஒன்று சிக்னலில் அணைந்த என்ஜினை எழுப்பும், வேகமெடுக்கும்போது கொஞ்சம் கைகொடுக்கும். தனியாக வண்டியை ஓட்டும் வலு அதற்கு இல்லை. ஸ்ட்ராங்கில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் என்ஜினோடு 59 கிலோவாட் மின்மோட்டார் இருக்கிறது. என்ஜின் அணைந்திருக்க, மோட்டார் மட்டுமே வண்டியை நகர்த்தும். அறிமுகமானபோது மைல்டு ஆட்டோமேட்டிக்குக்குக் கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 20.58 கி.மீ.; ஸ்ட்ராங்குக்கு 27.97. இதன் உடன்பிறப்பான டொயோட்டா ஹைரைடரிலும் ஸ்ட்ராங்குக்கு அதே 27.97தான். ஹோண்டா சிட்டி ஹைபிரிட் 2022 மே மாதம் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிடுக்கும், 2023-இல் வந்த அதன் மாருதி வடிவமான இன்விக்டோவுக்கும் 23.24.

மைல்டு வாங்குவதில் தவறொன்றும் இல்லை. அதை நல்ல பெட்ரோல் கார் என்று நினைத்து வாங்குங்கள். இனி இங்கே ஹைபிரிட் என்றால் ஸ்ட்ராங் ஹைபிரிட் மட்டுமே.

உலகில் முதன்முதலில் பெருமளவில் விற்பனைக்கு வந்த ஹைபிரிட், 1997-இல் ஜப்பானில் வெளியான டொயோட்டா பிரியஸ். நம் நாட்டில் 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வந்தது. இறக்குமதி வண்டி, விலை 20 லட்சத்தைத் தாண்டியது. அன்றைக்கு அது யாருக்கும் எட்டவில்லை. 2015-இல் மாருதி சியாஸ் போன்ற மைல்டு ஹைபிரிடுகளுக்கு மத்திய அரசின் மானியம் கிடைத்தது, 2017 ஏப்ரலில் அது நின்றது. அதே ஆண்டு ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பெரிய ஹைபிரிடுகளின் மேல் செஸ் உட்பட 43 சதவீதம் வரி விழுந்தது. 2022 வரை இந்தச் சந்தை தூங்கிக் கிடந்ததற்கு இதுவே பெரிய காரணம். இப்போது, 2025 செப்டம்பர் 22 முதல், அது 40 சதவீதம். மின்காருக்கு 5தான்.

இருபத்தெட்டு எங்கிருந்து வந்தது

"சார், இருபத்தெட்டு தரும் சார்" என்று விற்பனையாளர் சொல்வது பொய்யில்லை. அது ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுத்த எண். அந்தச் சோதனையில் வேகம் 90-ஐத் தாண்டாது. ஏசி ஓடாது. எதிர்க்காற்று கிடையாது. பின் சீட்டில் அத்தையும் டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையும் கிடையாது. பங்குகளில் இப்போது நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால், கலவையில் சுமார் 6-7 சதவீதம் குறைந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் ஏசி இல்லாமல் ஓட்டுவது நடக்காத காரியம். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஊருக்குள் 20-லிருந்து 23 வரை வந்தாலே வண்டி ஒழுங்காக இருக்கிறது என்று கொள்ளலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. மைலேஜ் என்ற எண் சேமிப்பைச் சரியாகக் காட்டாது. 10 கொடுத்த வண்டியை விட்டு 15 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 33 லிட்டர் மிஞ்சும். 20 கொடுத்ததை விட்டு 28-க்கு மாறினால் மிஞ்சுவது 14 லிட்டர்தான். ஐந்து கூடியதில் லாபம் அதிகம், எட்டு கூடியதில் குறைவு! எனவே கணக்கை எப்போதும் 'ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்' என்று போடுங்கள். 1,000-ஐ மைலேஜால் வகுத்தால் போதும். தாளில் இன்னொரு கட்டம் போட்டு, இப்போது உங்களிடம் இருக்கும் வண்டிக்கு இந்த எண்ணை எழுதுங்கள். ஏற்கெனவே மாதம் முழுக்க நெடுஞ்சாலையில் 19, 20 எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஹைபிரிட் அதிகம் செய்துவிடாது. ஜங்ஷன் நெரிசலில் 11, 12-க்குத் திணறும் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவருக்கு அது நிறையச் செய்யும்.

நம் சாலைகளில் அது என்ன செய்யும்

ஹைபிரிட் பெட்ரோலை மிச்சப்படுத்துவது மூன்று வழிகளில். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் என்ஜினை அணைத்துவிடுகிறது. பிரேக் பிடிக்கையில் சூடாகி வீணாகும் சக்தியை மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. என்ஜின் ஓடும்போதும் அதற்கு எது சிக்கனமான சுமையோ அந்த அளவில் மட்டும் ஓடவிடுகிறது. முதல் இரண்டும் நடக்க வேண்டுமானால் வண்டி அடிக்கடி நிற்க வேண்டும், வேகம் குறைய வேண்டும்.

முருகன்குறிச்சியில் தொடங்கி வண்ணார்பேட்டை, சுலோச்சன முதலியார் பாலம், ஜங்ஷன், ஈரடுக்குப் பாலம் வழியாக டவுன் வரை போகும் சாலை இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். 1843-இல் கட்டிய ஆற்றுப் பாலத்தில் மாலை ஆறு மணிக்குப் பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது டாஷ்போர்டைப் பாருங்கள். 'இவி' என்ற பச்சை விளக்கு எரியும், பெட்ரோல் செலவு காட்டும் கோடு பூஜ்யத்தில் கிடக்கும், ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவது. சில நிமிடங்களில் பேட்டரி இறங்கியதும் நின்ற இடத்திலேயே என்ஜின் தானாக ஓடத் தொடங்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்குப் போன் போடுகிறார்கள். கோளாறில்லை, கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மறுபடி அணைந்துவிடும்.

இதைவிடவும் பொருத்தமானது தாமிரபரணிக் கரைச் சாலை. பேட்டை, சுத்தமல்லி, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊருக்கு ஊர் வேகத்தடை, வளைவு, வாய்க்கால் பாலம். வேகம் 40-க்கும் 60-க்கும் நடுவில். வேகத்தடைக்கு முன்பே காலை எடுத்துவிட்டு மெல்லப் பிரேக்கை அழுத்தினால் மீட்டரில் முள் 'சார்ஜ்' பக்கம் சாயும். கடைசி நொடியில் மிதித்தால் சக்தியின் பெரும்பகுதி பிரேக் பேடில் சூடாகப் போய்விடும். இந்தச் சாலையில் தினமும் பாளையிலிருந்து அம்பைக்கு வேலைக்குப் போய்வரும் மருத்துவர், ஆசிரியர், வங்கி ஊழியர்தான் ஹைபிரிடுக்கு உரிய ஆள் என்பது என் எண்ணம்.

தேசிய நெடுஞ்சாலை 44-இல் கதை மாறுகிறது. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் 100-இல் பிடித்து ஓட்டும்போது பிரேக்குக்கு வேலை இல்லை, பேட்டரிக்கு வரவு இல்லை. 80-லிருந்து 100-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. அதை எந்தத் தொழில்நுட்பமும் மிச்சம் பிடித்துத் தர முடியாது. அதோடு நம் பகுதிக்கே உரிய ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் இவ்வளவு அடர்த்தியாக நிற்பது அதனால்தான். நாகர்கோவிலை நோக்கிப் போகும்போது அது எதிரே நின்று தள்ளும், திரும்பும்போது முதுகில் தள்ளிவிடும். போகும் வழியில் மட்டும் அளந்துவிட்டு வண்டியை நொந்துகொள்ள வேண்டாம். நெடுஞ்சாலையில் அளந்தால் போய்த் திரும்பிய பிறகே அளக்க வேண்டும்.

மலைச்சாலையில் பலருக்கு ஒரு நம்பிக்கை: ஏறும்போது குடித்த பெட்ரோலை இறங்கும்போது மின்சாரமாக மீட்டுக்கொள்ளும் என்று. மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி பெற்றுப் போய், நான்கு பேரோடு சுமார் 1,600 கிலோ எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி நான்கு யூனிட்டுக்கும் மேல். கிராண்ட் விட்டாராவின் ஹைபிரிட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவோ முக்கால் யூனிட். முதல் சில வளைவுகளிலேயே நிரம்பிவிடும். அதன்பின் மோட்டாரின் பிடி தளர்ந்து, சுமை முழுக்கச் சாதாரண பிரேக்கின் மேல் வரும். கியர் லீவரில் 'பி' (B) என்றொரு நிலை இருப்பது இதற்குத்தான். அதில் போட்டால் என்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்கும், பிரேக் சூடேறாது. இறக்கம் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள்.

இன்னொரு சாலையும் உண்டு, அது வீட்டு வாசலில் தொடங்கி பள்ளிக்கூட வாசலில் முடியும் ஒன்றரை கிலோமீட்டர். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கையில், புகைவடிகட்டியைச் சூடாக்குவதற்காகவே அது கொஞ்ச நேரம் ஓடும். சூடேறி முடிவதற்குள் பள்ளி வந்துவிடும். இத்தகைய குட்டிப் பயணங்களே உங்கள் ஓட்டம் என்றால் ஹைபிரிடும் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். வீட்டில் நிறுத்த இடமும் பிளக் போட வசதியும் இருந்தால் மின்காரைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் ஆலை திறந்துவிட்டது. மின்கார் இனி தூரத்து விஷயமில்லை.

கூடுதல் விலை எப்போது திரும்பும்

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலைவரி உயர்ந்தது. 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20. ஹைபிரிடுக்காகக் கொடுக்கும் கூடுதல் விலைக்கும் இந்த வரி உண்டு. 2024-இல் உத்தரப் பிரதேசம் ஸ்ட்ராங் ஹைபிரிடுக்குப் பதிவு வரியை நீக்கியது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கேயும் சலுகை என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே சலுகை மின்காருக்குத்தான்.

மூன்று லட்சம் விலை வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். வரியோடு 3 லட்சத்து 54 ஆயிரம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். இப்போதைய ஆட்டோமேட்டிக் 14 கொடுக்கிறது, ஹைபிரிட் 21 கொடுக்கும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஆண்டுக்கு மிஞ்சுவது சுமார் 28,600 ரூபாய். போட்ட பணம் திரும்பப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மாதம் இரண்டாயிரம் என்றால் ஆறேகால் ஆண்டு. மூவாயிரம் என்றால் நான்கு ஆண்டு சொச்சம். இதில் கடன் வட்டியைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் நீளும். மாதம் ஆயிரத்துக்கும் குறைவாக ஓட்டுகிறவர் பெட்ரோல் சேமிப்புக்காக ஹைபிரிட் வாங்கக் கூடாது என்று உறுதியாகவே சொல்வேன். சத்தமில்லாத ஓட்டமும் நெரிசலில் கால் வலிக்காத சுகமும் வேண்டும் என்று வாங்கினால் அது வேறு; அதற்கு அவரவர் விலை வைத்துக்கொள்ளலாம்.

விலைப்பட்டியலில் 20 லட்சக் கோட்டைக் கவனியுங்கள். 19 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு வரி சுமார் 3 லட்சத்து 56 ஆயிரம். 20 லட்சத்து 40 ஆயிரம் என்றால் 4 லட்சத்து 8 ஆயிரம். சன்ரூஃபுக்காக 60 ஆயிரம் ஏறினோம் என்று நினைப்போம், கையிலிருந்து போவது ஒரு லட்சத்துக்கு மேல்.

டிக்கியையும் திறந்து பாருங்கள். பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கிராண்ட் விட்டாராவில் 373 லிட்டராக இருக்கும் இடம் ஸ்ட்ராங்கில் 265 ஆகிறது. ஹோண்டா சிட்டியில் 506 லிட்டர் 306 ஆகிறது. ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பாத்திரம் பண்டத்தோடு போகிறவர்கள் அந்தப் பெட்டிகளையே ஷோரூமுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது நல்லது. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர்கள் பைபாஸில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்கள். மாலை நெரிசலில் பாலத்தைத் தாண்டி டவுன் போய் வரவேண்டும் என்று கேளுங்கள். ஏசியை நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவில் வையுங்கள். புறப்படும் முன் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் வரும் எண்ணைத் தாளில் எழுதுங்கள். அது முழு உண்மை இல்லை என்றாலும் விளம்பரத்தில் இருப்பதைவிட உங்களுக்கு நெருக்கமானது.

பேட்டரியைப் பற்றிய பயம்

எட்டாண்டு கழித்துப் பேட்டரி போனால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கிராண்ட் விட்டாராவிலும் ஹைரைடரிலும் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அதுவரை உத்தரவாதம். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். ஜப்பானில் ஓடிய பிரியஸ், அக்வா, வெசல் போன்ற வண்டிகள் அங்கே ஏராளமாக இறங்கின. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் அவை சாதாரணம். பேட்டரியைப் பிரித்து, கெட்ட செல்லை மட்டும் மாற்றித் தரும் பட்டறைகள் அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தன. நம் ஊரில் அந்தக் கைத்தொழில் இன்னும் வேரூன்றவில்லை. அதனால் உத்தரவாதத்தைக் காப்பாற்றிக்கொள்வது முக்கியம்: சர்வீஸ் தவறக் கூடாது, பில்லைத் தொலைக்கக் கூடாது. பல ஹைபிரிடுகளில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் சீட்டுப் பக்கத்துத் துவாரம் வழியாகத்தான் போகிறது. உங்கள் வண்டியில் அது எங்கே என்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொண்டு, பையோ தலையணையோ வைத்து அடைக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து மகன் வாங்கிக் கொடுத்து, வீட்டில் மூடிபோட்டு நிற்கும் வண்டிகள் நம் மாவட்டத்தில் நிறைய. ஹைபிரிடிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி உயிர்பெறாது. வாரம் ஒருமுறை 'ரெடி' விளக்கு எரிய அரை மணி நேரம் வைத்திருக்க யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-ஐ இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை, தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன், வண்ணார்பேட்டை பகுதிகளில் வீடு புகுந்தது. தண்ணீரில் நின்ற எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஹைபிரிடில் அது இன்னும் கண்டிப்பு. கிராண்ட் விட்டாராவின் பேட்டரி 177 வோல்ட். ஆரஞ்சு நிற ஒயர்களில் கை வைக்கவே கூடாது. தெரிந்த மெக்கானிக்கையும் வைக்க விடக்கூடாது. வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பாலிசி எடுக்கும்போது வெள்ளத்தில் என்ஜின் மட்டுமா, ஹைபிரிட் பேட்டரியும் மோட்டாரும் சேர்த்தா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் சென்டரில் உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவர் நெல்லையிலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்து வரவேண்டுமா என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன்னரே கேளுங்கள்.

வாங்கிய பின் அளப்பது

டாஷ்போர்டு காட்டும் மைலேஜ் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். ஃபுல் டேங்க் முறைதான் நம்பத்தக்கது. ஒரே பங்க், முடிந்தால் அதே குழாய். குழாய் தானாக முதல் தடவை அடைத்ததும் நிறுத்தச் சொல்லுங்கள், "ரவுண்டா ஆக்கிரட்டுமா சார்?" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்து லிட்டருக்கு ஒருமுறை நிரப்பி அளந்தால், டேங்கில் அடைபட்ட காற்றால் வரும் ஒரு லிட்டர் பிசகே பத்து சதவீதம் ஆகிவிடும். முப்பது லிட்டருக்கு மேல் காலியான பிறகு நிரப்பினால் அதே பிசகு மூன்றரை சதவீதத்துக்குள் அடங்கும். பங்கின் அளவில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எல்லா பங்கிலும் அது இருக்க வேண்டும். டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடாகும் முன் காலையில், ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி பாருங்கள்.

டெலிவரி எடுக்கும் அன்றே நேராக பங்குக்குப் போய் முழுக்க நிரப்பி, டிரிப் 'ஏ', 'பி' இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் 'ஏ'-யை மட்டும் பூஜ்யமாக்கி, கிலோமீட்டரையும் லிட்டரையும் பில்லின் பின்னாலேயே எழுதி, அது ஊர் ஓட்டமா, அம்பைச் சாலையா, நான்குவழிச் சாலையா என்று ஒரு வார்த்தை குறித்துவிடுங்கள். 'பி'-யை அடுத்த சர்வீஸ் வரை தொட வேண்டாம். சர்வீஸுக்கு விடும் நாளில் நிரப்பி, டெலிவரி அன்று நிரப்பியதை விட்டுவிட்டு அதன்பின் போட்ட மொத்த லிட்டரால் 'பி'-யை வகுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு அந்த எண்ணைச் சொல்லலாம்.